ஒருமுறை வந்த நோய் மறுபடி வருமா? எதிர்ப்பாற்றல் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அக்கா, உடம்பு இதுவரை பார்த்தே இராத கிருமிக்கும் ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம்) தயாராகிவிடுகிறதே, எப்படி? கிருமியைப் பார்த்து அச்சு எடுக்கிறதா?

பதில்: ஒரு காலத்தில் விஞ்ஞானிகளிலேயே சிலர் அப்படித்தான் நினைத்தார்கள். நடப்பது தலைகீழ். கிருமி வருவதற்கு முன்பே பி செல்கள் என்ற வெள்ளை ரத்த அணுக்கள் தங்கள் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டி, ஆளுக்கொரு வடிவத்தில் ஏற்பியை, அதாவது கிருமியைப் பிடிக்கும் கொக்கியை, வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. நம்மிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000தான். ஆனால் இந்த ஒட்டுவேலையால் கிடைக்கும் வடிவங்கள் கோடிக்கணக்கில். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு. கிருமி நுழைந்ததும் அதற்குப் பொருந்துகிற சில செல்கள் மட்டும் மளமளவென்று பெருகி, அதே ஏற்பியை ஆன்டிபாடியாக வெளியே விடும். பெரும்பாலானவை வேலையே கிடைக்காமல் செத்துப்போகும்!

கேள்வி: தொண்டை வலி வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே?

பதில்: நான் சொன்ன பெருக்கம் நடக்கிற இடம் அதுதான், நிணநீர் முடிச்சு. விரலால் தொட்டால் உருளும், அழுத்தினால் வலிக்கும். உள்ளே பி செல்கள் தங்கள் ஏற்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கும். கிருமியை இன்னும் இறுகப் பிடிப்பது பிழைக்கும், மற்றது சாகும். இதெல்லாம் சூடுபிடிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். அந்த இடைவெளியில்தான் நாம் படுத்துக் கிடக்கிறோம். அப்புறம், வலியே இல்லாமல் கெட்டியாக, வாரக்கணக்கில் கரையாத நெறி என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: தட்டம்மை ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் வராது என்கிறார்களே?

பதில்: அநேகமாக உண்மை. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை வந்துபோனது. அடுத்து வந்தது 1846இல். அங்கே போன டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் கவனித்தது: 65 வருடம் முன்பு நோய் கண்ட கிழவர் கிழவிகள் ஒருவரையும் அது இரண்டாம் முறை தொடவில்லை. இடையில் அந்தக் கிருமி தீவுப் பக்கமே வராதபோதும், பழைய கிருமியை அடையாளம் வைத்திருக்கும் நினைவு செல்கள் மறக்கவில்லை. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. தட்டம்மை வைரஸ் மற்ற நோய்களுக்கான நினைவு செல்களை அழித்துவிடும். அதனால், வந்து பெறுவதைவிட ஊசி போட்டுக்கொள்வதே மேல்.

கேள்வி: ரணஜன்னி (டெட்டனஸ்) வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி எதற்கு?

பதில்: அதன் நச்சு அவ்வளவு வீரியம். ஆளைக் கொல்லப் போதுமான அளவுகூட, எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பப் போதாது. தடுப்பூசியில் இருப்பது வீரியம் போக்கிய நச்சு, அதனால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: சின்னம்மை வந்தவருக்கே பிற்பாடு அக்கி வருகிறதே, நினைவு எங்கே போனது?

பதில்: அக்கி வெளியிலிருந்து வருவதில்லை. பழைய சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்தே இருக்கும், டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் காவல் காக்கும். வயதாகிக் காவல் தளர்ந்தால் அது தலைதூக்கும். அக்கிக் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவருக்குத் தொற்றுவது சின்னம்மைதான், அக்கி அல்ல.