பல்லின் அகலமும் 'முன்னேற்றமும்'

கேள்வி: மனிதர்களிலேயே மிகப் பெரிய பற்கள் ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கும், சிறிய பற்கள் ஐரோப்பியருக்கும் உள்ளன என்று படித்தேன். அப்படியானால், பல் சிறுத்த இனமே பரிணாமத்தில் முன்னேறிய இனம் என்று கொள்ளலாம் அல்லவா? (திண்டுக்கல் வாசகர் ஒருவர்)

பதில்: நீங்கள் படித்த செய்தி, சராசரியைப் பற்றியது என்ற அளவில், சரி. அதிலிருந்து நீங்கள் பெற்ற முடிவு 1885ஆம் ஆண்டின் பழைய சரக்கு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த வில்லியம் ஹென்றி ஃபிளவர் அவ்வாண்டில், கடைவாய்ப் பல்வரிசையின் நீளத்தை மண்டையோட்டின் அடிப்பகுதி நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கி, வரும் எண் 42க்குக் கீழே இருந்தால் சிறுபல்லினர், 44க்கு மேலே இருந்தால் பெரும்பல்லினர், இடைப்பட்டால் நடுப்பல்லினர் என்று உலக மக்களை மூன்று கூறாக்கினார். அந்தப் பட்டியலில் ஐரோப்பியர் முதற்கூறில் அமர, உடலால் சிறிய அந்தமான் தீவினர் ஆஸ்திரேலியரோடு பெரும்பல்லினராகிவிட்டனர். வகுக்கும் எண் சிறுத்தால் ஈவு பெருக்கும். சிறிய மண்டையோடு உடையவருக்குப் பல் பெரிதாகத் தெரிவது இந்தக் கணக்கின் விளைவேயன்றி இனத்தின் இயல்பு அன்று.

பின்வந்தவர்கள் பல்லையே நேரடியாக அளந்தனர். அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் 1951 முதல் நடு ஆஸ்திரேலியாவின் யுவெண்டுமு குடியிருப்பில் வால்பிரி என்ற பழங்குடி மக்களின் பற்களுக்கு ஆண்டுதோறும் சாந்து அச்செடுத்து ஆராய்ந்தது இவ்வகையில் பெயர்பெற்ற பணி. கடைவாய்ப்பல்லில் ஐரோப்பியருக்கும் இவர்களுக்கும் உள்ள சராசரி வேறுபாடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஒரே ஊரில் இருவரை ஒப்பிட்டாலே அவ்வளவு வேறுபாடு கிடைத்துவிடும் என்பதால், தனியொரு பல்லின் அகலத்தைக் கொண்டு அதற்குரியவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்று கூற முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 'ஆஸ்திரேலியப் பல்' என்று ஒன்று இல்லை. தெற்கே முர்ரே ஆற்றங்கரையில் பெரியதாக இருக்கும் பல் வடக்கே செல்லச் செல்லச் சிறுக்கிறது என்று அமெரிக்க மானிடவியலாளர் லோரிங் பிரேஸ் 1980இல் காட்டினார்.

பல் ஏன் சிறுத்தது என்பதற்கும் அவரே ஒரு விளக்கம் தந்தார். உணவைச் சுட்டும் வேகவைத்தும், பின்னர் மண்பானையில் குழையச் சமைத்தும் உண்ணத் தொடங்கியபின், பெரிய பல் இல்லாதவரும் பிழைத்துக்கொள்ள முடிந்தது. பெரிய பல்லைத் தலைமுறைதோறும் காக்கும் தேவை தளர்ந்ததால் அளவு குறைந்தது என்றார். குறைந்ததற்கான வழி இதுதானா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. ஆனால் இதை அப்படியே ஏற்றாலும், பல்லைச் சிறுக்க வைத்த பெருமை பானைக்குரியது. மூளைக்கு அதில் பங்கில்லை.

பெரிய பல் பின்தங்கியவரின் அடையாளம் என்பவர்கள் அடிலெய்டில் பல் சீரமைப்பு மருத்துவராக இருந்த ரேமண்ட் பெக்கின் வரலாற்றையும் படிக்கலாம். முரட்டு உணவை மென்ற பழங்குடியினரின் பற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பக்கவாட்டிலும் தேய்வதால் தாடையில் நெருக்கடி குறைகிறது என்று 1954இல் எழுதிய அவர், தேயாத நம் பற்களுக்கு அந்த இடத்தைச் சிறு கடைவாய்ப்பற்களைப் பிடுங்கியேனும் உண்டாக்க வேண்டும் என்று வாதிட்டார். அவருடைய பெயரால் வழங்கும் கம்பி முறை இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர் எவரேனும் இளவயதில் நான்கு பற்களை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தால், அந்தச் சிகிச்சை நீங்கள் முன்னேறாதவர் என்று ஐயுறும் மக்களின் வாயைப் பார்த்துக் கற்றதாக இருக்கக்கூடும்.