மடியில் வைத்திருந்தவர்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் மகளின் குடும்பம் பல ஆண்டுகளாக நெதர்லாந்தில் வசிக்கிறது. பேத்தியின் சிறுவயதுப் படம் ஒன்றில், முகம் முழுக்கக் கறுப்பு மை பூசிய ஒருவரின் மடியில் அவள் சிரித்தபடி அமர்ந்திருக்கிறாள். வரவேற்பறையில் மாட்டியிருந்த அந்தப் படத்தை மகள் சென்ற ஆண்டு கழற்றிவிட்டாள். அது குழந்தைகள் விழாதானே? புகைபோக்கி வழியாக இறங்கி வருவதால் ஒட்டிய கரி என்றுதான் அங்கே சொல்கிறார்களாம். யாரையும் புண்படுத்தும் எண்ணமே இல்லாதபோது அதில் இனவெறி எங்கிருந்து வந்தது? அந்நாட்டில் வாழ்ந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகி, கோவை

அம்மா, வணக்கம்.

உங்கள் மகள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நான் அங்கிருந்த காலத்தில் இதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

2008 நவம்பரில் உத்ரெக்ட் நகரில் அந்த விழாவின் ஊர்வலத்தை முதன்முதலாகப் பார்த்தேன். குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் என்னும் பெரியவர் ஆயரின் உயர்ந்த தொப்பியும் வெண்தாடியுமாக வெள்ளைக் குதிரையில் வர, அவரைச் சூழ்ந்து அவருடைய வேலையாட்களான 'ஸ்வார்த்த பீட்'கள், அதாவது கறுப்புப் பீட்டர்கள், குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு வந்தார்கள். வேடத்துக்குள் இருந்தவர்கள் வெள்ளையர்கள். முகத்தில் கறுப்பு மை, உதட்டில் தடித்த சிவப்பு, தலையில் சுருள்முடி, காதில் பொன்வளையம். அவர்கள் வாரி இறைத்த மசாலா பிஸ்கட்டில் எனக்கும் ஒரு கைப்பிடி கிடைத்தது, தின்றேன். அது ஆப்பிரிக்கர்களைக் கேலிசெய்யும் வேடம் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் அது அவர்களுக்கும் இவர்களுக்கும் இடையிலான விவகாரம் என்று ஒதுங்கிக்கொண்டேன். எனக்குப் பெண் பார்த்தபோது என் வீட்டார் விளம்பரத்தில் 'மாநிறம்' என்று எழுதியிருந்தார்கள். கறுப்பு என்பது எனக்குரிய சொல் அல்ல என்று நம்ப எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறு ஆண்டு, டிசம்பர் தொடக்கத்தில், பேருந்தில் எதிரே இருந்த நான்கு வயதுக் குழந்தை என்னைப் பார்த்ததும் "பீட்!" என்று கூவிப் பிஸ்கட்டுக்காகக் கையை நீட்டியது. அதன் தாய் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். நான் சிரித்து, பரவாயில்லை என்றேன். எண்ணத்தைப் பற்றிக் கேட்கிறீர்களே, அந்தக் குழந்தையின் முகத்தில் இருந்தது கலப்பில்லாத மகிழ்ச்சி. வெறுப்பு இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன்; அது இல்லாததால்தான் எனக்குப் பேசவே வழியில்லாமல் போயிற்று. அதற்கடுத்த ஆண்டு அலுவலக விருந்தில் என்னைப் பீட்டாக நிற்கச் சொன்னார்கள். "உனக்கு மை வாங்கும் செலவும் மிச்சம்" என்றார் ஒருவர், உண்மையிலேயே அன்பான மனிதர். அன்றும் சிரித்தேன்.

கரி என்னும் விளக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடியைச் சுருட்டி, உதட்டைத் தடிக்கவைத்து, உடையை மட்டும் அழுக்காக்காமல் விடும் கரியை நான் பார்த்ததில்லை. ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் யான் ஸ்கெங்க்மன் 1850இல் வெளியிட்ட சிறுவர் படநூலில்தான் சின்டர்கிளாஸுக்கு ஒரு கறுப்பின வேலையாள் வருகிறான். அப்போது டச்சுக் குடியேற்றமான சுரிநாமில் அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. அது ஒழிக்கப்பட்டது 1863இல்தான்.

நான் ஒதுங்கி நின்றதில் இருந்த மடமையைப் பிற்பாடு வரலாற்று நூல்கள் காட்டிக்கொடுத்தன. 1610 முதல் பழவேற்காட்டில் காலூன்றி, 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டிய அடுத்த சில ஆண்டுகளில், பசிக்கு விலைபோனவர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. அந்தக் கணக்கேடுகளில் மாநிறத்துக்கென்று தனிப் பத்தி இருந்திருக்காது.

2011 நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகரில், குவின்சி காரியோ என்ற கறுப்பினக் கலைஞர் 'கறுப்புப் பீட் இனவெறி' என்று எழுதிய பனியனை அணிந்து அந்த ஊர்வலத்தில் நின்றார். காவலர்கள் அவரைத் தரையில் தள்ளிக் கைதுசெய்தார்கள். மூன்று ஆண்டுகளாக என் வாயிலிருந்து வராத சொல்லை ஒருவர் மார்பில் எழுதிக்கொண்டு நின்றதைச் செய்தியில் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம். 2014இல் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டே, கரீபியத் தீவுகளில் உள்ள தம் நண்பர்கள் முகத்துக்கு மை பூச வேண்டியதில்லை என்றும், தமக்கோ பூசியதைப் போக்கவே பல நாட்கள் ஆகின்றன என்றும் வேடிக்கையாகச் சொன்னார். என் அலுவலக நண்பரின் அதே நகைச்சுவை. அவரே 2020இல் தம் கருத்து மாறிவிட்டது என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2022 டிசம்பரில் அடிமைமுறைக்காக அரசின் சார்பில் மன்னிப்பும் கேட்டார். இப்போது பல ஊர்களில் பீட்டின் கன்னத்தில் இரண்டு கரிக்கோடுகள் மட்டுமே இருக்கின்றன. குழந்தைகளுக்குப் பிஸ்கட் குறைந்ததாகத் தெரியவில்லை.

படத்தைக் கிழித்துவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். பேத்தி ஒருநாள் கேட்கும்போது, அந்த மை எங்கிருந்து வந்தது என்பதோடு, அந்த மனிதர் அவளை அன்பாகத்தான் மடியில் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை மறைத்தால் நான் ஏன் பேருந்தில் சிரித்தேன் என்பது அவளுக்கு விளங்காது.