“ஏஎம்டி சூடாகும், இன்டெல்லே போடுங்க” என்று, கம்ப்யூட்டருக்குப் பிராசசர் சிப் வாங்கப் போனால், மதுரையில் கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. 2011-இல் வந்த ஏஎம்டியின் புல்டோசர் வகை சிப்புகள் மின்சாரத்தைக் குடித்தன, வேகத்திலும் பின்தங்கின. அதே வழியில் பிறகு வந்த எஃப்எக்ஸ் 9590 சிப்பின் மின் கணக்கு 220 வாட்! மதுரை சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில் அதை ஓட்டியவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

2017-இல் ஏஎம்டியின் ரைசன் சிப்புகள் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. இன்டெல் சாதாரண டெஸ்க்டாப்புக்கு நான்கு கோரோடு (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி) நிறுத்தியிருந்தபோது ஏஎம்டி எட்டு கோர் கொடுத்தது. அப்போது வாங்கிய ஏஎம்4 வகை மதர்போர்டுகள் (சிப்பைப் பொருத்தும் பலகை) பலவற்றில், பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்துவிட்டு 2020-இல் வந்த 5000 வரிசை சிப்பையே போடலாம். இன்டெல்லில் 2017-இலேயே வந்த எட்டாம் தலைமுறைக்கே புது போர்டு வாங்க வேண்டியிருந்தது. அப்புறம் 2024-இல், 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் சிப்புகள் சில வோல்டேஜ் கோளாறால் தடுமாற, கம்பெனியே வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. கடைப் பேச்சு மட்டும் இன்னும் ரசிகர் மன்றக் கணக்கில்தான் நடக்கிறது.

சரி, எதை வாங்குவது? வேலையைப் பாருங்கள். கல்யாண வீடியோ எடிட்டிங் என்றால் என் ஓட்டு இன்டெல்லுக்கு. அதன் உள் கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ வசதி, கேமரா ஃபைல்களை டைம்லைனில் திக்காமல் ஓட்டும். பெயர் ‘எஃப்’ என்று முடியும் சிப்பில் அது கிடையாது. பில் போடுமுன் பாருங்கள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டரிங், ஏஐ என்றால் தனியாக என்விடியா கிராபிக்ஸ் கார்டுதான். 2007-இல் வந்த, அதன் ‘கூடா’ (CUDA) என்ற நிரல் தளத்தை நம்பி எழுதிய மென்பொருள்கள் ஏராளம். வெறும் கேமுக்கு ஏஎம்டியின் ரேடியான் கார்டு தாராளமாகப் போதும்.