வாசகர் கேள்வி: கதவைச் சாய்த்தால் கதிர் நிற்குமா?

கேள்வி: 1984இல் பிபிசி ஒளிபரப்பிய 'த்ரெட்ஸ்' அணுப்போர் நாடகத்தில், ஷெஃபீல்ட் நகரத்துக் குடும்பமொன்று கழற்றிய கதவுகளைச் சுவரில் சாய்த்து, மெத்தை அடுக்கி உள்ளே பதுங்குகிறதே, அதில் பயன் உண்டா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அது கதாசிரியரின் கற்பனை அல்ல. 1980இல் பிரித்தானிய அரசே வெளியிட்ட கைநூலில் உள்ள முறைதான். ஆனால் கதவின்மேல் மண் நிரப்பிய பைகளையும் பெட்டிகளையும் அடுக்கச் சொன்னார்கள். பாரம்தான் விஷயம், அணுகுண்டு வெடித்தபின் விழும் தூசிலிருந்து வரும், ஊடுருவும் காமாக் கதிருக்கு மெத்தைப் பஞ்சு ஒரு பொருட்டே இல்லை. இறுக்கிய மண் சுமார் 9 சென்ரிமீற்றர் கனமிருந்தால் கதிர் பாதியாகும். கொங்கிரீற் என்றால் 6 போதும். மூன்று அடி மண்ணுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அவ்வளவு பாரம் ஏற்றினால் கதவின் அடி வழுக்கும். நிலத்தில் மரச்சட்டம் ஒன்றை அறைந்து முட்டுக்கொடுக்க வேண்டும். நாடகத்தில் வீடே உடைந்து தூசு உள்ளே வந்துவிடுகிறது, பிறகு எந்தக் கதவு என்ன செய்யும்?

நேரமும் முக்கியம். வெடித்து ஒரு மணித்தியாலத்தில் 100 ஆக இருக்கும் கதிரளவு 7 மணித்தியாலத்தில் 10, இரண்டு நாளில் 1. கைநூல் 14 நாள் உள்ளே இருக்கச் சொன்னது அதனால்தான்.

கொழும்பில் அஸ்பெஸ்டஸ் கூரை வீட்டைவிட, தொடர்மாடியின் நடுமாடியில் யன்னலில்லாத உள்நடையே மேல். மொட்டைமாடிக்குக் கீழுள்ள மாடி வேண்டாம், தூசு படிவது மொட்டைமாடியில்தான்.

கேள்வி: அமெரிக்க 'தி டே ஆஃப்டர்' இதே கதையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கரு ஒன்றுதான். 1983 நவம்பர் 20இல் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த அந்தப் படம் கன்சாஸில் நடப்பது, சில வாரங்களோடு முடிகிறது. 'த்ரெட்ஸ்' 13 ஆண்டுகள் தொடர்ந்து போகிறது. இரண்டில் அதுதான் கொடியது.