மஸாலை, கோபிப் பாலையின் கரடி: கேள்வி பதில்

கேள்வி: தண்ணீரில்லாத பாலையில் கரடி எதை உண்டு வாழ்கிறது?

பதில்: மஸாலை என்று மங்கோலியர் அழைக்கும் இது பழுப்புக் கரடியின் ஒரு கிளை. மங்கோலியாவின் தென்மேற்கில், 1975-இல் அமைக்கப்பட்ட மாகோபி 'அ' காப்புப் பகுதியில், அதாஸ் போக்டு, ஷார் குல்ஸ், சாகான் போக்டு ஆகிய இடங்களின் ஊற்றுகளைச் சார்ந்தே வாழ்கிறது. காட்டு ருபார்ப் செடியின் வேரும் நிட்ராரியாப் புதரின் பழங்களும் காட்டு வெங்காயமும் புல்லுமே இதன் முதன்மை உணவு. இறைச்சி மிகக் குறைவு.

கேள்வி: மொத்தம் எத்தனை இருக்கின்றன?

பதில்: சில பத்துகளே. கரடிகளுக்கென வைக்கும் தீவனத் தொட்டியைச் சுற்றிக் கட்டிய முள்கம்பியில் சிக்கும் முடியின் வேரிலிருந்து மரபணுவைப் பிரித்து, அது எந்தக் கரடி, ஆணா பெண்ணா என்று அறிகிறார்கள். விலங்கைத் தொடாமலே எண்ணும் இம்முறைதான் இவ்வளவு சிறு கூட்டத்துக்கு ஏற்றது.

கேள்வி: இப்போது எத்தனை உள்ளன என்று சொல்ல முடியுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: தீவனம் போட்டு வளர்ப்பது இயற்கையில் தலையிடுவதாகாதா?

பதில்: ஆகும். ஆயினும் நான் அதை ஆதரிக்கிறேன். ஆண்டு மழை வழக்கமாக 100 மில்லிமீட்டர் அளவே; 1993 முதல் 2007 வரை நீடித்த வறட்சியில் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. குளிர்காலத் துயில் முடிந்து வெளிவரும் கரடிக்கு, புல் துளிர்க்கும் வரையுள்ள சில வாரங்களே மிகக் கடினமானவை. தீவனம் அந்த இடைவெளிக்குத்தான்.

கேள்வி: தொட்டியை நம்பிப் பழகிவிட்டால் தானே தேடி உண்ணும் திறன் போய்விடும் என்கிறேன். உங்கள் விடை என்ன?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் தொட்டி நிரப்பப்படுவது ஆண்டு முழுவதும் அன்று. எஞ்சிய மாதங்களில் கரடி தன் வேரைத் தானே தோண்டியாக வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து தொட்டியை எடுக்கச் சொல்லியிருப்பேன். இந்த எண்ணிக்கையில் ஒரு பெண் கரடி பட்டினியால் குட்டியின்றிப் போவதையும் தாங்க இயலாது.

கேள்வி: வேட்டையாடுகிறார்களா?

பதில்: 1953 முதல் தடை உள்ளது. சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கம் தோண்ட வருவோர் ஊற்றருகே முகாமிடுவதே எனக்குப் பெருங்கவலை.

கேள்வி: விலங்கியல் பூங்காவில் பார்க்கலாமா?

பதில்: எதிலும் இல்லை.

கேள்வி: ஊற்றுகளின் சரியான அமைவிடத்தைத் தருவீர்களா?

பதில்: தர மாட்டேன். மேலே சொன்ன இடங்களின் பெயர்கள் எல்லோரும் அறிந்தவை. ஊற்றின் அமைவிடத்தை யாரும் பொதுவில் எழுதவும் வேண்டாம்.