ஸ்னாப்சாட் ஸ்ட்ரீக் போய்த் தோழி பேசவில்லை: கைப்பேசியைப் பிடுங்கலாமா?

பிடுங்காதீர்கள் அக்கா. ஸ்னாப்சாட் செயலியில் இருவரும் நாள் தவறாமல் படம் அனுப்பிவந்த தொடர்ச்சி, அதாவது ஸ்ட்ரீக், அறுந்ததிலிருந்து தோழி பேசுவதில்லை, மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறீர்கள். இந்த நேரத்தில் கைப்பேசியும் போனால் மிச்சத் தோழிகளும் தூரமாகிவிடுவார்கள்.

ஸ்ட்ரீக் அறாமலிருக்க 24 மணி நேரத்துக்குள் இருவருமே படமோ வீடியோவோ அனுப்ப வேண்டும். வெறும் எழுத்துச் செய்தி கணக்கில் வராது. சுங்கை சிப்புட்டில் உங்கள் தோட்டத்துப் பக்கம் மழை வந்தாலே லைன் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அநேகமாக அதுதான் காரணம். தோழியோ தன்னை ஒதுக்கிவிட்டதாக நினைத்திருப்பாள்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: தோழி பெயருக்குப் பக்கத்தில் மணற்கடிகாரம் வந்ததைப் பார்த்தாளா? நேரம் முடியப்போகிறது என்று அதற்கு அர்த்தம். லைன் இல்லாமல் பார்க்கவே இல்லையென்றால், அதை நேரில் போய்ச் சொல்லட்டும். என் மகளுக்கும் படிவம் 2இல் இதே கதை. மோட்டாரில் ஏற்றிக்கொண்டுபோய்த் தோழி வீட்டு வாசலில் விட்டேன். ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை இருவரும் பிரித்துச் சாப்பிட்ட பிறகுதான் வாயே திறந்தார்கள்.

ஆனால் திட்டு, மிரட்டல், படத்தை வைத்துக் கேலி என்றிருந்தால் விஷயமே வேறு. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் காட்டுங்கள். சாப்பாடு இறங்காமலே இருந்தால் அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசிஹ் 15999க்குக் கூப்பிடுங்கள்.