இந்த லேப்டாப் தேறுமா?

கும்பகோணத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய மெஷினைச் சரிசெய்து ஓட்டுவதா, வேறு வாங்குவதா என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். பிரிண்டர், சிசிடிவி பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் வேலை இல்லை.

மன்னார்குடி, கல்லூரி மாணவி: 2018-ல் வாங்கியது. ஐ5 எட்டாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்பா புதுசு வாங்கலாம் என்கிறார்.

அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்மா. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்க, சிபியு பத்து இருபதில் சும்மா இருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. பெரிய ஃபைல் ஒன்றை நேராகப் படித்தாலே வினாடிக்கு 100 எம்பி-யை ஒட்டித்தான் வரும். விண்டோஸ் கேட்பதோ அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் முள் நகர்ந்து தேட வேண்டும், அந்தத் தேடலில்தான் நேரம் போகிறது. அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி-யில் நகரும் பாகமே இல்லை. சாதாரண சாட்டா வகையே 500 எம்பி-யைத் தொடும்.

முதலில் எஸ்எஸ்டி மட்டும் போடு. ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் இரண்டையும் ஒன்றாக வாங்காதே. எஸ்எஸ்டி போட்டும் நாலைந்து டேப் திறந்தாலே திணறினால் அப்புறம் 8 ஜிபி ஆக்கலாம். சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், காலி ஸ்லாட் இருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கமே காட்டும். எம்.2 ஸ்லாட் (பட்டை மாதிரி இருக்கும் எஸ்எஸ்டி-யைச் செருகும் இடம்) இருந்தால் அது சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று பார்க்காமல் ஆன்லைனில் ஆர்டர் போடாதே. எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 ஏற்கும், இன்னும் சில வருடம் தாங்கும்.

கழற்றுவதற்கு முன் பேக்கப். எல்லோருக்கும் சொல்கிறேன்: முதலில் பேக்கப்.

பாபநாசம்: மகள் பிளஸ் டூவில் வாங்கிய அரசு இலவச லேப்டாப், 2012. 2 ஜிபி ரேம். விண்டோஸ் 11 போடலாமா?

முடியாது சார். அதற்குக் குறைந்தது 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. டெல்டாவில் தெருவுக்குத் தெரு அந்த லேப்டாப் பரண்மேல் இருக்கிறது, மாதம் ஒன்றாவது என் மேஜைக்கும் வருகிறது. இதற்கு மேல் செலவு செய்வது அறுவடை முடிந்த வயலுக்கு யூரியா போடுகிற வேலை. போட்டோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேரன் டைப்பிங் பழக வேண்டுமானால் விண்டோஸுக்குப் பதில் லேசான லினக்ஸ் ஒன்று போதும்.

திருத்துறைப்பூண்டி: டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது. ரேம் கூட்டலாமா?

ரேமை விடுங்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. இப்போதே ஆஃப் செய்து சார்ஜரைப் பிடுங்குங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். கடைக்குக் கொண்டுபோய்ப் பேட்டரியைக் கழற்றிய பிறகு மற்றதைப் பேசலாம்.

ஆடுதுறை, ரைஸ் மில்: ஃபேன் சத்தம், கை வைக்க முடியாத சூடு.

தவிட்டுத் தூசு. பிரித்துச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். மாற்ற வேண்டியது லேப்டாப் இல்லை.

வேதாரண்யம்: யூஎஸ்பி ஒவ்வொன்றாகப் போகிறது. எஸ்எஸ்டி போட்டால் சரியாகுமா?

ஆகாது. உப்புக் காற்று ஊர். முதலில் பிரித்து மதர்போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். யூஎஸ்பி செருகும் போர்ட்டில் மட்டும் அரிப்பு என்றால் அதை மாற்றிவிடலாம். மதர்போர்டில் பச்சை பூத்திருந்தால் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, சீர்காழி: ஹார்ட் டிஸ்க் லேப்டாப், மெதுவாக இருக்கிறது...

மன்னார்குடிக்குச் சொன்னதைப் படியுங்கள். பேக்கப்பையும் சேர்த்து.

திருவாரூர், கணக்கு எழுதுபவர்: டேலியும் ஜிஎஸ்டியும்தான் வேலை. விலை குறைந்த செலரான் புதுசு பார்த்திருக்கிறேன். பழசு வாங்கச் சொல்லிவிடாதீர்கள்.

அதைத்தான் சொல்லப் போகிறேன் அண்ணே. செலரான் என்4020 சிப்பில் இரண்டே கோர், அதாவது வேலை செய்யும் மூளை இரண்டுதான். அந்த விலைக்கு வரும் பலவற்றில் ரேம் 4 ஜிபி, கூட்டவும் வழியில்லை. டிஸ்க்கும் 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே பற்றவைத்த மெதுவான சேமிப்பு), அப்டேட்டிலேயே நிரம்பிவிடும். கம்பெனிகள் கழித்துவிட்ட லேட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் வகையில் ஐ5-8250யு கிடைத்தால் நான்கு கோர்.

திருவாரூர் மறுபடி: அது 2017 சிப். என்னுடையது அதற்குப் பின்னால் வந்தது.

பின்னால் வந்ததால் வேகம் என்று யார் சொன்னது? இரண்டிலும் டேலியைத் திறந்து பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: திருவாரூர் அண்ணன் சொல்வதும் நியாயம். புதுசுக்கு வாரண்டி உண்டு. பழசு ஆறு மாதத்தில் படுத்தால் யாரைக் கேட்பது?

வாரண்டி விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் மெஷின் நின்றால் என்னைத்தான் திட்டுவார். ஆனால் ஓராண்டு வாரண்டிக்காக நான்கைந்து வருடம் ஊர்ந்துகொண்டிருப்பதா? வாரண்டி எழுதிக் கொடுக்கிற கடையில் பழசை வாங்குங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெபாசிட்டியில் (புதிதில் இருந்த கொள்ளளவில்) பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் செட்டிங்கில்) பழைய கம்பெனி பாஸ்வேர்ட் பூட்டு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். திரை மடங்கும் ஹிஞ்சை நாலு தடவை திறந்து மூடிப் பாருங்கள்.

திருவாரூர், மூன்றாம் முறை: சரி, ஒன்று பார்த்தேன். ஐ5-7200யு. கடைக்காரர் விண்டோஸ் 11 போட்டே தருகிறாராம்.

வேண்டாம் அண்ணே. அது ஏழாம் தலைமுறை, இரண்டு கோர். விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லாத சிப்பிலும் அதன் சோதனையைத் தாண்டி ஏற்றிக் கொடுப்பார்கள். அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று அந்தக் கம்பெனியே உறுதி தருவதில்லை. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-டன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஜிஎஸ்டி பாஸ்வேர்ட் கிடக்கிற மெஷின் உங்களுடையது. இன்டெல் ஐ5 என்றால் குறைந்தது எட்டாம் தலைமுறையாக இருக்கட்டும், அதற்குக் கீழே விலை பேசவே பேசாதீர்கள்.